துப்பாக்கியைப் பூட்டுங்க... தம்பிக்குக் கதவைத் திறங்க!



ஒரு வீட்டை நினைச்சுப் பாருங்க. மலையடிவாரத்துல ரெண்டு ஏக்கர் மக்காச்சோளம். அண்ணன் பேருல முறையா லைசென்ஸ் எடுத்த ஒத்தைக் குழல் துப்பாக்கி ஒண்ணு இருக்கு. மருந்து கெட்டிச்சுச் சுடுற பழைய துப்பாக்கி. அது பயிர்க் காவலுக்கு. தம்பி ஒரு கொலை வழக்குல ஆயுள் தண்டனை வாங்கி மத்திய சிறையில இருக்கார். தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிடுச்சு. பரோல் கேட்டு மனு போட்டாச்சு.

இப்போ அந்த அம்மாவுக்கு ஒரே கவலை. "பையன் வீட்டுக்கு வர்றான். வீட்டுல துப்பாக்கி இருக்கே, என்னப்பா பண்றது?"

ஒருத்தர் "ஒண்ணும் ஆகாதும்மா" என்பார். இன்னொருத்தர் "வாயத் திறக்காதீங்க, பரோலே கிடைக்காம போயிடும்" என்பார். மூணாவது ஆள் "லைசென்ஸையே ரத்து பண்ணிடுவாங்க" என்று பயமுறுத்துவார். ஒரே கேள்விக்கு மூணு பதில் வருதுன்னா, தப்பு அந்த அம்மா மேல இல்ல. தெளிவான வழியைச் சொல்லாத அரசு மேல.

முதல்ல பரோலைப் பத்தித் தெரிஞ்சுக்குவோம். அது யாரோ போடுற பிச்சை இல்ல. தமிழ்நாட்டுல 1982-ஆம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள்னு ஒண்ணு இருக்கு. அவசர விடுப்பு, சாதாரண விடுப்புன்னு ரெண்டு வகை. சாதாரண விடுப்பு எதுக்கெல்லாம் கேட்கலாம்னு அந்த விதியே பட்டியல் போடுது: பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க, வீட்டைப் பழுது பார்க்க, உடன்பிறந்தவர் கல்யாணத்துக்கு, பாகப்பிரிவினைக்கு, விதைப்பு அறுவடை மாதிரியான விவசாய வேலைக்கு.

கடைசியாச் சொன்னதைக் கவனிங்க. கதிர் முத்துற நேரத்துலதான் காட்டுப் பன்றி கூட்டமா இறங்கும். பன்றியைக் கொல்ல விவசாயிக்கு அனுமதி இல்ல. வெடிச் சத்தத்துல கூட்டம் கலையும்னுதான் துப்பாக்கியை எடுக்கிறாங்க. ஆக, அறுவடைக்குன்னு தம்பி வர்ற அதே நாட்கள்லதான் அண்ணனுக்குத் துப்பாக்கியும் தேவைப்படும். ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ வந்து நிக்குது.

அடுத்தது, துப்பாக்கி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே பயிர்ப் பாதுகாப்புக்கான துப்பாக்கியை அங்கீகரிக்குது. அண்ணன் செய்றது சட்டப்படி சரி. ஆனா அதே சட்டத்தோட 9-வது பிரிவு, வன்முறைக் குற்றத்துல தண்டனை பெற்றவர் தண்டனை முடிந்து 5 ஆண்டு ஆகும் வரைக்கும் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாதுன்னு சொல்லுது. லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

"துப்பாக்கி அண்ணனோடதுதானே, தம்பிக்கு என்ன?"ன்னு கேட்கலாம். இங்கதான் சிக்கல். துப்பாக்கி கையில் இருந்தால்தான் 'வைத்திருந்தார்' என்று அர்த்தம் இல்ல. அது இருப்பது தெரிந்து, தன் கட்டுப்பாட்டிலும் இருந்தாலே போதும்னு உச்ச நீதிமன்றம் 1972-லேயே குன்வந்த்லால் வழக்குல சொல்லிடுச்சு. அலமாரிச் சாவி ஆணியில தொங்குது, யார் வேணும்னாலும் எடுக்கலாம்னா, அது யார் கட்டுப்பாட்டுல இருக்கு?

அதைவிடப் பெரிசு 35-வது பிரிவு. பலர் சேர்ந்து குடியிருக்கிற வீட்டுல ஒரு துப்பாக்கி சம்பந்தமா ஆயுதச் சட்டப்படி குற்றம் நடந்தா, அது அங்க இருக்குன்னு தெரிஞ்ச ஒவ்வொருத்தரும், மாறாக நிரூபிக்காத வரை, அந்தக் குற்றத்தைத் தானே தனியாகச் செய்தது போலப் பொறுப்பு. "டேய், இதைக் கொஞ்சம் துடைச்சு வைடா"ன்னு அண்ணன் சாதாரணமாச் சொல்ற ஒரு வார்த்தையில தம்பி பரோல் போகலாம், அண்ணன் லைசென்ஸ் போகலாம். சமையலறையில நின்ன அம்மாவும் வழக்குக்குள்ள வரலாம்.

ஆனா இப்படி ஒரு வீட்டுல என்ன செய்யணும்னு ஆயுதச் சட்டத்துல தனியா ஒரு வரி கூட இல்ல. தண்டனை பெரிசா எழுதியிருக்கு, வழி எழுதல.

இதுல இன்னொரு தரப்பும் இருக்கு, அதை மறந்துட்டுப் பேசினா நாம நியாயம் பேசுறவங்க இல்ல. பக்கத்துத் தெருவுல, அந்தக் கொலையில தகப்பனை இழந்த ஒரு குடும்பம் இருக்கும். குற்றவாளி ஊருக்கு வர்றான், அவன் வீட்டுல துப்பாக்கியும் இருக்குன்னு தெரிஞ்சா அந்தப் பிள்ளைங்களுக்கு ராத்திரி தூக்கம் வருமா? சில வழக்குகள்ல பாதிக்கப்பட்டவங்களே அதே வீட்டுக்குள்ள இருக்கிற பெண்கள். அவங்க பயத்தை "குடும்ப விஷயம்"னு ஒதுக்க முடியாது.

"அப்போ பரோலே கொடுக்காதீங்க"ன்னு சிலர் சொல்வாங்க. அது தப்பு. ஆண்டுக்கணக்குல உள்ள இருக்கிற மனுஷன், ஒருநாள் வெளிய வந்து நம்ம நடுவுலதான் வாழப்போறார். உறவு அறுந்து வர்றவனைவிட, தங்கச்சி கல்யாணத்துல பந்தி பரிமாறிட்டுப் போனவன் மனுஷனாத் திரும்பி வருவான். "லைசென்ஸை ரத்து பண்ணு"ங்கிறதும் தப்பு. தம்பி செஞ்ச குற்றத்துக்கு அண்ணனோட வயலைத் தண்டிக்கக் கூடாது.

அப்போ வழி என்ன? நமக்கு ஏற்கனவே பழக்கமான வழிதான்!

ஒவ்வொரு தேர்தல்லயும் என்ன நடக்குது? தேதி அறிவிச்ச உடனே, லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி கலெக்டர் உத்தரவு வருது. விவசாயி ஸ்டேஷனுக்குப் போறார், துப்பாக்கியைக் கொடுக்கிறார், ரசீது வாங்குறார். தேர்தல் முடிஞ்சதும் திரும்ப வாங்கிட்டு வர்றார். லைசென்ஸ் போறதில்ல, மானமும் போறதில்ல. ஓட்டுப்பெட்டியைக் காப்பாத்த வாரக்கணக்குல துப்பாக்கியை வாங்கி வைக்கத் தெரிஞ்ச அரசுக்கு, ஒரு குடும்பத்தைக் காப்பாத்த மூணு வாரம் வாங்கி வைக்கத் தெரியாதா?

வெளிநாட்டுலயும் இதுக்கு முன்மாதிரி உண்டு. துப்பாக்கி உரிமையை அரசியல் சட்டத்துலயே எழுதி வச்ச நாடு அமெரிக்கா. அங்க கூட, ஆயுதம் வைத்திருக்கத் தடை உள்ள ஒருத்தரோட ஒரே வீட்டுல இருக்கிறது தெரிஞ்சா, துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்கணும், இல்லன்னா தன் உடம்போடவே வச்சிருக்கணும்னு கலிபோர்னியா மாநிலம் 2014-லிருந்து சட்டம் வச்சிருக்கு. உரிமையையும் பறிக்கல, உறவையும் பிரிக்கல. பொறுப்பை மட்டும் எழுதி வச்சாங்க.

நாம கேட்பது நாலே நாலு:

1. பரோல் மனு விசாரணைக்கு வர்ற நன்னடத்தை அலுவலரும் போலீசாரும் "இந்த வீட்டுல லைசென்ஸ் துப்பாக்கி இருக்கா?"ன்னு கட்டாயம் கேட்கணும்.

2. இருந்தா, விடுப்பு தொடங்கறதுக்கு முந்தைய நாளே ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கணும். அன்னிக்கே ரசீது. தம்பி சிறைக்குத் திரும்பிய மறுநாளே துப்பாக்கியும் திரும்ப வரணும். "நாளைக்கு வா, அய்யா இல்ல" கதையெல்லாம் கூடாது.

3. துப்பாக்கி இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக பரோலை மறுக்கக் கூடாது. பரோல்ல ஒருத்தர் வந்தார்ங்கிற ஒரே காரணத்துக்காக லைசென்ஸையும் தொடக் கூடாது.

4. அந்த நாட்கள்ல அந்த வயலுக்கு வனத்துறை இரவு ரோந்து வரணும். துப்பாக்கியை நம்பிக் கொடுத்த விவசாயி, விளைச்சலை இழக்கக் கூடாது.

அது வரைக்கும், இப்படி ஒரு வீடு உங்க ஊர்ல இருந்தா, நம்ம கிளைத் தோழர்கள் முன்னால நில்லுங்க. துப்பாக்கியை மறைக்கச் சொல்லாதீங்க. சொந்தக்காரர் வீட்டுல கொடுத்து வைக்கவும் சொல்லாதீங்க. லைசென்ஸ் இல்லாதவர் கையில கொடுக்கிறதே இன்னொரு குற்றம். ஒப்படைக்க அனுமதி கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுங்க, கூடவே போங்க, ரசீது வாங்காம திரும்பாதீங்க. லைசென்ஸை நிறுத்தினா, காரணத்தை எழுத்துல கேளுங்க. 17-வது பிரிவு அந்த உரிமையைக் கொடுக்குது. 18-வது பிரிவு மேல்முறையீடு செய்யவும் இடம் கொடுக்குது.

அந்த அம்மா கேட்டது பெரிய கேள்வி இல்ல தோழர்களே. தன் பையன் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தங்கச்சியை அட்சதை போட்டு அனுப்பிட்டு, யாருக்கும் கெடுதல் இல்லாம சொன்ன தேதியில திரும்பப் போகணும். அவ்வளவுதான்.

அதுக்கு ஒரு பூட்டும் ஒரு ரசீதும் போதும். அதை அரசாணையா எழுதுங்கன்னுதான் கேட்கிறோம்.

உங்க ஊர்ல இந்த மாதிரி சிக்கல்ல தவிச்ச குடும்பம் இருந்தா, பேர் ஊர் சொல்லாம கமெண்ட்ல எழுதுங்க. நாலு பேருக்குப் பயன்படும், பகிருங்கள்.