குழந்தைகளின் நீச்சலுடையும் நம் மீதுள்ள அமானிதமும்



கோடை விடுமுறை நெருங்கினால் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்விகளின் போக்கே மாறிவிடும். தஜ்வீதும் மனனமும் பின்னுக்குப் போய், பயணத் தொழுகை, வெளியூர் உணவு, பிள்ளைகளின் விளையாட்டு என்று வினாக்கள் வரத் தொடங்கும். சென்ற ஆண்டு அஸ்ர் தொழுகைக்குப்பின் ஒரு சகோதரர் கைப்பேசியைக் காட்டியவாறு நம் அருகில் வந்து அமர்ந்தார். திரையில் சிறுமியர் அணியும் முழுநீள நீச்சலுடை ஒன்றின் படம் இருந்தது.

"ஹஜ்ரத், குடிச்சுப் போட்ட பாட்டில்ல இருந்து செஞ்ச துணியாம். விலை கொஞ்சம் கூடுதல். மகளுக்கு வாங்கலாமா? குப்பையில கிடந்ததுல செஞ்சதாச்சே, அதோட தொழலாமா?"

ஒரே மூச்சில் கேட்கப்பட்ட இக்கேள்விக்குள் மார்க்கச் சட்டமும் இருக்கிறது, குடும்பத்தின் வரவு செலவும் இருக்கிறது, அல்லாஹ் படைத்த கடலின் நலனும் இருக்கிறது. அன்று அவரிடம் சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரிவாகப் பகிர்ந்து கொள்ள விரும்புகிறோம்.

நீச்சல் ஆடம்பரமன்று

பெண் பிள்ளைக்கு நீச்சலுடை எதற்கு என்று கேட்போர் நம் மஹல்லாக்களில் இன்றும் உண்டு. அவர்களுக்கு முதலில் விடை சொல்லியாக வேண்டும். 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 5 வயதுக்கும் குறைந்த குழந்தை. குளமும் கிணறும் கடலும் சூழ்ந்த ஊர்களில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. வீண் பொழுதுபோக்கின் கணக்கில் சேராத நான்கு காரியங்களுள் நீச்சல் கற்பதையும் நபி (ஸல்) அவர்கள் எண்ணியதாக இமாம் நஸாயீ (ரஹ்) அவர்களின் அஸ்ஸுனனுல் குப்ராவில் பதிவாகியுள்ளது. அதில் ஆணுக்கு மட்டும் என்ற நிபந்தனை இல்லை.

கீழக்கரையும் காயல்பட்டினமும் கடலால் வளர்ந்த ஊர்கள். மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கி முத்தும் சங்கும் எடுத்தவர்களில் நம் முன்னோரும் இருந்தனர். அவர்களின் வழிவந்த பிள்ளைகள் பலர் இன்று இடுப்பளவு நீரில் நிற்கவே அஞ்சுகின்றனர். குறிப்பாக, பெண் பிள்ளைகள் கரையில் அமர்ந்து தம்பிமார் குளிப்பதை வேடிக்கை பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. காரணம் கேட்டால், "போட்டுக்கொள்ளத் தோதான உடை இல்லை" என்பார்கள்.

உடை இல்லை என்பது இன்று உண்மையன்று. ஆஸ்திரேலியாவில் வாழும் அஹீதா ஸனெட்டி என்ற சகோதரி, தம் உறவுச் சிறுமி ஹிஜாபுடன் நெட்பால் விளையாடச் சிரமப்பட்டதைக் கண்டு, உடலை மறைக்கும் விளையாட்டு உடைகளை வடிவமைக்கத் தொடங்கினார். 2004ஆம் ஆண்டில் அவர் உருவாக்கிய புர்கினிக்குப் பின், மறைக்க வேண்டியதை மறைத்து நீந்துவதற்கான உடைகள் உலகெங்கும் பரவின. நம் நாட்டிலும் சிறுவர் அளவுகளில் கிடைக்கின்றன. வீட்டிலுள்ள பருத்திச் சுடிதாரோடு பிள்ளையை நீரில் இறக்குவது தீர்வாகாது. பருத்தி நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். நீந்தத் தெரியாத குழந்தையை அந்தக் கனமே கீழே இழுக்கும். பல நீச்சல் குளங்களில் அதற்கு அனுமதியும் இல்லை.

துணியின் மூலம் எது?

நீந்துவதற்கேற்ற துணி பெரும்பாலும் நைலான் அல்லது பாலியஸ்டர். நீட்சிக்காக அதில் ஸ்பாண்டெக்ஸ் இழையும் கலந்திருக்கும். இவை யாவும் பெட்ரோலிய வழி வந்த பிளாஸ்டிக்கே. இதில் நமக்கென்று ஒரு கூடுதல் பொறுப்பு உண்டு. மற்றவர் ஒரு முழத்தில் முடித்துக்கொள்ளும் உடைக்கு, கழுத்து முதல் கணுக்கால் வரை மறைக்கும் நம் பிள்ளையின் உடை பல மடங்கு துணியைக் கேட்கும். ஹயாவைப் பேணுவதில் நாம் எந்தக் குறையும் வைக்க வேண்டியதில்லை. ஆனால் அதிகத் துணி என்றால் அதிக பிளாஸ்டிக் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

மறுசுழற்சித் துணி என்பது இதற்குத்தான். குடிநீர், குளிர்பானப் பாட்டில்களைச் சேகரித்து, தரம் பிரித்து, கழுவி, சில்லுகளாக நறுக்கி, உருக்கி, மெல்லிய இழைகளாக இழுத்து மறுசுழற்சி பாலியஸ்டர் நூல் செய்கிறார்கள். மறுசுழற்சி நைலான் பழைய மீன்வலைகள், தரைவிரிப்புகள், ஆலைக் கழிவுகள் முதலியவற்றிலிருந்து வருகிறது. இத்தாலியைச் சேர்ந்த அக்வாஃபில் நிறுவனம் 2011இல் ஸ்லோவேனியாவில் இதற்கென ஆலை தொடங்கி, ஈகோனில் என்ற பெயரில் இந்நூலை விற்கிறது. நீச்சலுடை தைப்போர் பலர் அதைப் பயன்படுத்துகின்றனர்.

வலைகள் என்றதும் நம் கடல் நினைவுக்கு வர வேண்டும். உலகக் கடல்களில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,40,000 டன் மீன்பிடி சாதனங்கள் தொலைந்தோ கைவிடப்பட்டோ போவதாக ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் சுற்றுச்சூழல் அமைப்பும் 2009ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டன. 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளும் கடற்புல் படுகைகளும் உள்ளன. ஆவுளியா என்னும் கடற்பசு அங்கு மேய்கிறது. அறுந்த வலை பவளப்பாறையில் சிக்கினால், அதை எடுக்க ஆளில்லாத வரை மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். மனிதக் கரங்கள் செய்தவற்றால் தரையிலும் கடலிலும் சீர்கேடு வெளிப்பட்டுவிட்டதாகத் திருமறையின் 30ஆவது அத்தியாயமான அர்ரூமின் 41ஆவது வசனம் எச்சரிக்கிறது. அத்தகைய வலை துணியாக மாறுவது நல்ல காரியமே. அதில் நமக்கு ஐயமில்லை.

தூய்மை பற்றிய ஐயம்

இனி அந்தச் சகோதரரின் மார்க்கக் கேள்வி. குப்பையில் கிடந்தது என்ற ஒரே காரணத்தால் ஒரு பொருள் நஜீஸாகிவிடாது. பொருட்களின் அடிப்படை நிலை தூய்மையே. அசுத்தம் பட்டதென்று உறுதியாகத் தெரியாத வரை வெறும் சந்தேகத்தால் அந்நிலை மாறுவதில்லை. பிளாஸ்டிக் பாட்டிலும் நைலான் வலையும் இயல்பில் நஜீஸான பொருட்கள் அல்ல. அவற்றின் மீது அசுத்தம் பட்டிருந்தாலும் கழுவினால் நீங்கிவிடும். ஆலையில் அவை பலமுறை கழுவப்பட்ட பின்னரே நூலாகின்றன. ஆகவே அத்துணி தூய்மையானதே. அவ்ரத்தை முறையாக மறைத்திருந்தால் அதை அணிந்து தொழுவதிலும் தடையில்லை. உடலோடு ஒட்டிய உடையாதலால் மேலே ஒரு தளர்ந்த ஆடை அணிந்துகொள்வது சிறப்பு.

மறுசுழற்சி என்ற சொல்லின் எல்லை

இவ்வளவும் சொன்ன பின் "அப்படியானால் வாங்கிவிடுகிறேன்" என்று எழப் போனவரை மீண்டும் அமரச் சொன்னோம்.

மறுசுழற்சித் துணியும் பிளாஸ்டிக்தான். பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, 6 கிலோ பாலியஸ்டர் துணியை இயந்திரத்தில் ஒருமுறை துவைத்தால் 5 லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையில் நுண்ணிழைகள் நீரில் கலக்கக்கூடும். பாட்டிலிலிருந்து வந்த துணி என்பதால் அது இழை உதிர்க்காமல் இருந்துவிடாது. மேலும், பாட்டிலை மீண்டும் பாட்டிலாக்கினால் அது இன்னொரு சுற்று வர வாய்ப்புண்டு. அதையே ஸ்பாண்டெக்ஸ் கலந்த துணியாக்கிவிட்டால், இரண்டையும் பிரித்தெடுப்பது கடினமாதலால், பெரும்பாலும் அதன் பயணம் அங்கேயே முடிந்து குப்பைமேட்டுக்குப் போகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து நம் மனத்தில் இருக்கிறது. "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்ற அட்டையைப் பார்த்ததும், வேண்டாததை வாங்குவதும் நற்செயல் போலத் தோன்றிவிடுகிறது. உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன், அதே மூச்சில் வீண்விரயத்தைத் தடுத்தான் என்பதை அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆவது வசனத்தில் காண்கிறோம். ஹலாலான பொருளிலும் இஸ்ராஃப் உண்டு என்பதே அதன் பாடம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு நீரில் உளூச் செய்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. வணக்கத்திற்கே சிக்கனம் என்றால் விளையாட்டு உடைக்கு எம்மாத்திரம்? தம் ஆடையைத் தாமே தைத்து, தம் செருப்பைத் தாமே செப்பனிட்டவர்கள் அண்ணலார் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள்.

ஆகவே நாம் அவரிடம் கேட்டது இதுதான்: "மூத்த மகளுக்கு முன்பு வாங்கியது வீட்டில் இருக்கிறதா?"

அவர் சற்று யோசித்தார். "இருக்கு ஹஜ்ரத். ரெண்டு லீவுகூட முழுசாப் போடல. வளர்ந்துட்டா. பீரோவில கிடக்கு."

"அப்படியென்றால் அதுதான் இருப்பதிலேயே நல்ல உடை. அதற்காகப் புதிதாக ஒரு சொட்டு எண்ணெயும் எடுக்க வேண்டியதில்லை, ஒரு பாட்டிலும் உருக்க வேண்டியதில்லை" என்றோம்.

நாம் பரிந்துரைக்கும் வரிசை

முதலில் வீட்டில் இருப்பதை எடுங்கள். அக்காவுக்குச் சிறிதானது தங்கைக்குப் பொருந்தும். இல்லையென்றால் மாமி, சாச்சி வீடுகளில் கேளுங்கள். நம் மஹல்லாவிலேயே பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன நீச்சலுடைகளை ஒரு பெட்டியில் சேர்த்து, கோடையின் தொடக்கத்தில் தேவையுள்ள வீடுகளுக்குக் கொடுக்கும் பழக்கத்தை ஏற்படுத்தலாம். பெண்கள் மதரஸாக்கள் இதை எளிதில் நடத்த முடியும். வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் அதனால் நீந்தக் கற்றுக்கொள்வாள்.

வாங்கியே ஆக வேண்டுமெனில் மறுசுழற்சித் துணியைத் தேர்ந்தெடுங்கள். வெறும் பச்சை இலைப் படத்தை நம்பிவிடாமல், எத்தனை விழுக்காடு மறுசுழற்சி இழை என்று அட்டையில் எழுதியுள்ளதா என்று பாருங்கள். குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்டு, சுருக்கமாக ஜி.ஆர்.எஸ். என்ற சான்றின் முத்திரையை ஓர் உடையில் பொறிக்க வேண்டுமானால் குறைந்தது 50 விழுக்காடு மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும். விலை தாங்கவில்லையென்றால் கடன்பட்டு வாங்க வேண்டாம். சாதாரணத் துணியில் நன்கு உழைக்கும் ஒன்றை வாங்கி நெடுநாள் பயன்படுத்துவதும் அமானிதத்தைப் பேணுவதே.

அளவில் சற்று வளர இடமிருக்கட்டும். ஆனால் நீரில் கால்களைத் தடுக்குமளவு தொளதொளப்பாக இருக்கக்கூடாது. நிறத்தில் நீலமும் வெள்ளையும் தவிர்த்து, ஆரஞ்சு போன்ற பளிச்சென்ற நிறம் பாருங்கள். நீருக்கடியில் பிள்ளை இருப்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

குளத்திலிருந்து வந்தவுடன் நல்ல தண்ணீரில் அலசுங்கள். குளோரின் ஸ்பாண்டெக்ஸை அரித்துவிடும். இயந்திரத்தில் போடாமல் கையால் மென்மையாகத் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். இழை உதிர்வது குறையும். உடையும் இன்னொரு பிள்ளைக்கு எஞ்சும்.

ஜவுளி வணிகத்தில் உள்ள நம் சகோதரர்களுக்கும் ஒரு சொல். சான்றில்லாத துணியை மறுசுழற்சித் துணி என்று விற்பது, மேலே காய்ந்த தானியத்தையும் உள்ளே நனைந்த தானியத்தையும் வைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்களே, அந்த வகையைச் சேர்ந்தது. கடலைக் காக்க விரும்பிக் கூடுதல் விலை கொடுக்கும் ஒரு தாயின் நல்லெண்ணத்தை ஏமாற்றிப் பெறும் இலாபத்தில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

அந்தச் சகோதரர் சில நாட்கள் கழித்து மீண்டும் வந்தார். இளையவள் புதிது வேண்டுமென்று முதலில் அழுதாளாம். அக்காவின் உடை அவளுக்கு நான்கு விரற்கடை நீளமாக இருந்ததாம். அவளுடைய உம்மா கைகளையும் கால்களையும் மடித்துத் தைத்து, அடுத்த ஆண்டு பிரித்துவிடலாம் என்று சொல்லிக் கொடுத்தாராம். "இப்ப பத்து மீட்டர் போறா ஹஜ்ரத்" என்று சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.

நம் பிள்ளைகளை ஹயாவுடனும் துணிவுடனும் வளர்க்கவும், அவன் நம்மிடம் ஒப்படைத்த நிலத்தையும் நீரையும் கெடுக்காமல் அடுத்த தலைமுறையிடம் சேர்க்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.