ஆறு உங்க பாத்ரூம் இல்ல

போன நீண்ட விடுமுறைக்கு நாங்களும் கூடாரம் தூக்கிக்கொண்டு போனவர்கள்தான். கரவனெல்லயில் பஸ் ஏறி, யட்டியாந்தோட்டை தாண்டி, கித்துல்கல பக்கம் களனி ஆத்தங்கரையில் இறங்கினோம். ராத்திரி நெருப்பு, பாட்டு, கூத்து. விடிஞ்சதும் எட்டுப் பேரும் ஷாம்பு பைக்கட்டோடு ஆத்துக்குள்ள. பத்து நிமிஷத்தில் பாறை இடுக்கெல்லாம் வெள்ளை நுரை. படமும் எடுத்தோம், நுரை தெரியாத கோணத்தில். ஆகவே இது அடுத்தவனைத் திட்டுகிற கட்டுரை இல்ல. முதல் திட்டு எங்களுக்குத்தான்.

'கேம்பிங் போனா குறைஞ்ச தண்ணியில் குளிங்க' என்று சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். இது மழை கொட்டுற ஊர். பக்கத்தில் ஆறு ஓடுது. நாங்க என்ன பாலைவனத்திலா இருக்கோம்?

இங்கேதான் எல்லாருக்கும் பிடி தவறுது. இந்த ஊரில் குறைந்த தண்ணியில் குளிப்பது தண்ணியை மிச்சம் பிடிக்க இல்ல. சவர்க்காரத்தை ஆத்துக்குள் விடாமல் இருக்க. ரெண்டு லீட்டர் தண்ணி என்றால் கையில் தூக்கிக்கொண்டு கரையிலிருந்து 60 மீற்றர் மேலே ஏறலாம், அங்கே மண்ணில் ஊத்தலாம். ஐம்பது லீட்டரைத் தூக்க முடியாது. அதனால்தான் ஆத்துக்குள்ளேயே இறங்குறோம். கணக்கு அவ்வளவுதான்.

சவர்க்காரத்தின் வேலை எண்ணெய்ப்பசையைக் கரைப்பது. எங்க முதுகை மட்டும்தான் தொடணும் என்று அதுக்குத் தெரியாது. மீனின் மேலும் செவுளிலும் இருக்கிற வழுவழுப்பையும் அது கரைக்கும். தண்ணிக்கு மேலே மெல்லிய தோல் மாதிரி ஓர் இழுவிசை இருக்கு. அதில் கால் வைத்துத்தான் நீண்ட கால் பூச்சிகள் ஓடுது. சவர்க்காரம் பட்டால் அந்த இழுவிசை குறையும், பூச்சி மூழ்கும். களனி, சீதாவக்கை ஆத்துப் பக்கம் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத அசோகா பார்ப் என்கிற சின்ன மீன் இந்தப் பகுதியில்தான் வாழுது. அழியும் ஆபத்தில் இருக்கிற மீன் அது. எங்க ஷாம்பு வாசம் அதுக்கு எதுக்கு?

'நாங்க வாங்கினது மக்கும் சோப்பு' என்று தப்பிக்கவும் முடியாது. அது மக்குறதுக்கு மண்ணும், மண்ணில் இருக்கிற நுண்ணுயிரும் வேணும். ஓடுற தண்ணியில் விட்டால், மக்கும் முன்னே மீனிடம் போய்ச் சேர்ந்திடும்.

அடுத்த வாதம்: 'ரப்பர் தொழிற்சாலைக் கழிவு போகாத ஆறா? எங்க ஒரு பைக்கட் ஷாம்புதான் குறையா?' தொழிற்சாலைக்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கு. கழிவை விட அனுமதிப்பத்திரம் வேணும், மீறினால் வழக்குப் போடலாம், போடணும். ஆனா நாங்களே ஆத்தை அழுக்காக்கிவிட்டு எந்த முகத்தோடு போய் நியாயம் கேட்கிறது?

இதே ஆறுதான் கொழும்புக்கும் போகுது. அம்பத்தலேயில் தண்ணியை எடுத்துச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்புறாங்க. கொழும்பில் இருந்து வந்து நுரை விட்டுப்போறவருக்கு நடுவில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் காவல் நிற்குது. ஆத்திலேயே இறங்கிக் குளிக்கிற, துவைக்கிற கரையோர ஊர்க்காரருக்கு அது இல்ல.

சரி, என்ன செய்யலாம்?

நீந்துங்க, தடையில்ல. ஆனா பூசின கொசு மருந்தையும் சன் கிரீமையும் முதலில் ஈரத்துணியால் துடைச்சிட்டு இறங்குங்க. மேலே நீர்மின் நிலையங்கள் இருப்பதால் ஆத்து மட்டம் சடுதியா ஏறும் என்பதையும் மறக்காதீங்க. குளிக்க ஒன்றரை லீட்டர் போத்தல் ஒன்று போதும். மூடியில் ஊசியைச் சுட்டு நாலைந்து ஓட்டை போடுங்க. முதலில் நனைக்க, பிறகு நிறுத்தி ஒரு சொட்டு சவர்க்காரம் தேய்க்க, கடைசியில் அலச. கப்பல்காரர் குளிக்கிற முறையும் இதுதான். விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் ஈரத்துணியாலேயே மாதக்கணக்கில் சமாளிக்கிறாங்க. கூடாரத்துக்குள் மறைவாகத் துடைச்சிக்கொள்ளலாம் என்பது எங்க கூட வந்த பெண் தோழிகளுக்குத்தான் பெரிய நிம்மதி. எட்டுப் பேர் பார்க்க ஆத்தில் நனையணும் என்கிற கட்டாயம் அவங்களுக்கு எதுக்கு?

சட்டி பானையை முதலில் இலையால் வழிச்சிட்டு, சாம்பலும் பொச்சும் போட்டுத் தேயுங்க. கழுவின தண்ணியைக் கரையை விட்டுத் தள்ளி மண்ணில் பரப்பி ஊத்துங்க.

இதெல்லாம் எங்களுக்குப் புதுசு இல்ல. எங்க அம்மாயி பால் வெட்டிட்டு வந்து ஒரு வாளித் தண்ணியில் தலையில் இருந்து கால் வரைக்கும் முடிச்சிட்டு, மிச்சத்தை வாழைக்கு ஊத்துவாங்க. இதைச் சொன்னதும் 'ஆகா, பாரம்பரிய அறிவு' என்று புல்லரிக்க வேண்டாம். பீலியில் வரிசை நீளம், லயத்துக்குள் குழாய் இல்ல, விடிஞ்சா பெரட்டுக்கு ஓடணும். அந்த ஒரு வாளி அம்மாயி தேர்ந்தெடுத்தது இல்ல, அவங்க தலையில் கட்டினது. மழை கொட்டுற மலையில் ஒரு வாளியோடு குளிக்க வைத்தது தோட்டம். அதைப் பெருமையாக்கி, குழாய் கேட்கிற வாயை யாரும் அடைக்கக்கூடாது.

நாங்க சொல்றது ரெண்டே விஷயம். லயத்துக்குத் தேவை குழாய். அதை வாங்குற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்போம். கூடாரத்துக்குத் தேவை ஒரு போத்தல். ரெண்டு நாள் சந்தோஷத்துக்கு வர்ற எங்களால் அந்த ரெண்டு நாள் போத்தல் தண்ணியில் குளிக்க முடியல என்றால், வாழ்க்கை முழுக்க ஒரு வாளியில் குளிச்சவங்க முன்னாடி 'இயற்கையை நேசிக்கிறோம்' என்று பதிவு போட எங்களுக்கு வெட்கம் இருக்கணும்.

அடுத்த முறை கித்துல்கல போறோம். பையில் ஷாம்பு பைக்கட் இருக்காது. ஓட்டை போட்ட மூடி இருக்கும்.