ஸ்பிரிங்கை வெட்டாதீங்கய்யா!

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்துல எழுதறது, அதனால அங்கங்கே சத்தம் ஜாஸ்தியா இருக்கும். ஸ்பேனர், கிரீஸ்னாலே அலர்ஜின்னு சொல்றவங்களும் ஒரு தடவை படிச்சிருங்க. இதுல அடிபடப் போறது வண்டி வச்சிருக்கறவர் மட்டும் இல்லை, எதிர்ல வர்ற நீங்களும் நானும்தான்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை, ஆணி எதுவும் இல்லாத நாள். டெக்ஸஸ்ல எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் தன்னோட 1951 செவர்லே பிக்கப்பை வாசல்ல நிறுத்தி ஹாரன் அடிச்சார். அவங்க அப்பா பண்ணையில ஓட்டின வண்டி. ஒரு கடையில கொடுத்து, பழைய பாடியை மட்டும் வச்சுக்கிட்டு அடியில செவர்லே எஸ்-10 சேஸியைப் போட்டு வாங்கிட்டு வந்திருந்தார். பச்சை பெயிண்ட், கண்ணாடி மாதிரி. தங்கமணி கூட வெளியில வந்து பாத்துட்டு "நம்ம வண்டியும் இருக்கே"ன்னு பெருமூச்சு விட்டாங்க. "ஏறு, ஒரு ரவுண்டு போலாம். இப்ப இது கார் மாதிரி ஓடும்னு கடைக்காரன் சொல்லியிருக்கான்"னார் பெரியவர்.

ஊரைத் தாண்டி ஒரு ரயில்வே கிராஸிங். வேகம் 35 மைல்தான் இருக்கும். இடது முன்சக்கரம் தண்டவாளத்துல ஏறி இறங்கினதும் "டங்"குனு இரும்பும் இரும்பும் மோதற சத்தம். வண்டி தானா இடது பக்கம் தாவுச்சு. ஸ்டீயரிங் நேராத்தான் இருக்கு, அவர் கை அசையவே இல்லை. எதிர்ல ஒரு மினிவேன் வந்துக்கிட்டிருந்தது. அந்தம்மா ஒதுங்கினதால நான் இதை எழுதிக்கிட்டிருக்கேன். பெரியவர் சிரிச்சுக்கிட்டே "பழைய வண்டின்னா அப்படித்தான்"னார்.

அப்படித்தான் இல்லைங்க. அது பழைய வண்டியோட குணம் இல்லை, புதுசா பண்ணின வேலையோட குணம்.

திரும்பி வந்து என் கராஜ்ல ஜாக்கி போட்டுத் தூக்கினோம். முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கை ஒண்ணரை சுத்துக்கு கேஸ் டார்ச் வச்சு வெட்டியிருக்காங்க. வெட்டின முனை கருகிப் போய், இருக்கையில சரியா உட்காராம நிக்குது. அடிச்சா தாங்கிக்கற பம்ப் ஸ்டாப் ரப்பரையும் பாதியா அறுத்துட்டாங்க, இல்லன்னா வண்டி அதுமேலேயே உட்கார்ந்திருக்கும்ல! பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு பிளாக். எல்லாம் எதுக்கு? வண்டி தாழ்வா, தரையோட தரையா நின்னா ஃபோட்டோவுல நல்லா இருக்குமாம்.

விஷயம் புதுசா இருக்கறவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டறதைப் பாத்தவங்களுக்குச் சட்டுனு புரியும். சேஸி தனி, பாடி தனி. போல்ட்டைக் கழட்டினா பாடி தனியா வந்துடும். 1947ல இருந்து 1955 வரைக்கும் வந்த இந்தச் செவர்லே பிக்கப்புகள் அழகுதான், மறுக்கல. ஆனா அடியில முன்பக்கம் ஒரே இரும்புத் தண்டா ஐ-பீம் ஆக்ஸில், நாலு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். 1953 வரைக்கும் அரை டன் வண்டிக்கு 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை ஒரு குழாய்க்குள்ள அடைச்சு அதைப் பின் ஆக்ஸிலோட சேர்த்துக் கட்டின டார்க் டியூப் அமைப்பு. இதனால இன்ஜினையோ கியர் பாக்ஸையோ மட்டும் மாத்தறது பெரிய தலைவலி. ஒண்ணைத் தொட்டா எல்லாத்தையும் தொடணும்.

அதனாலதான் மொத்தமா ஒரு புது சேஸியே போட்டுடலாம்கற யோசனை வருது. 1982ல இருந்து 2004 வரைக்கும் வந்த எஸ்-10 பிக்கப் இதுக்குத் தோதானது. முன்பக்கம் ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்கும், டிஸ்க் பிரேக் இருக்கு, பவர் ஸ்டீயரிங் கிடைக்கும், பழைய இரும்புக் கடையில மலிவா கிடைக்கும். இந்த யோசனை மேல எனக்குச் சண்டை இல்லை. ஒழுங்கா செஞ்ச வண்டிகளை ஓட்டியும் இருக்கேன். என் சண்டை எல்லாம் "போல்ட் போட்டா முடிஞ்சது"ன்னு சொல்ற வாயோட.

என்ன முடிஞ்சது? பழைய அரை டன் வண்டியோட வீல்பேஸ் 116 அங்குலம். எஸ்-10ல குட்டை வண்டி 108.3, நீள வண்டி 117.9, பெரிய கேபின் வச்சது 122.9. எதுவுமே 116 இல்லை. நீள வண்டியை எடுத்தா 1.9 அங்குலம் அதிகம், பின்சக்கரம் ஃபெண்டர் நடுவுல நிக்காது. அப்ப ஆக்ஸிலை நகர்த்தணும், இல்ல சேஸியை வெட்டி ஒட்டணும். அடுத்தது அகலம். எஸ்-10 ஒடுக்கமான வண்டி. அகலமான பழைய ஃபெண்டருக்குள்ள அதோட சக்கரம் உள்வாங்கிப் போய் நிக்கும், தாத்தா சட்டையைப் பேரன் போட்ட மாதிரி. உடனே என்ன பண்றாங்க, ஸ்பேஸர் போட்டு சக்கரத்தை வெளியில தள்றாங்க. பழைய வண்டியில சக்கரத்துக்கு 6 போல்ட், இதுல 5, அதனால அடாப்டர்னும் ஒரு சமாதானம் இருக்கு. ஆனா சக்கரம் வெளியில போகப் போக, அது திரும்பற அச்சுக்கும் டயர் தரையைத் தொடற இடத்துக்கும் நடுவுல இருக்கற தூரம் கூடுது. குழியில விழுந்தா அந்தத் தூரம்தான் நெம்புகோல். ஸ்டீயரிங்கைக் கையில இருந்து பிடுங்கறது அதுதான். பேரிங்குக்கும் பாரம் ஏறுது.

இதைக் கடையில யாராவது பெரியவர்கிட்ட சொன்னாங்களா? இல்லை. பெயிண்ட் கலர் அட்டையைத்தான் நீட்டியிருக்காங்க.

இப்ப ஸ்பிரிங்குக்கு வருவோம். இந்தப் பதிவே அதுக்குத்தான்.

எந்த ஸ்பிரிங்கும் ஒரு குறிப்பிட்ட எடைக்காகச் செஞ்சது. எஸ்-10லயே நாலு சிலிண்டர் வண்டிக்கு ஒரு ஸ்பிரிங், வி-6 வண்டிக்கு வேற ஸ்பிரிங். கம்பெனிக்காரன் பொழுது போகாம அப்படிச் செய்யல. பெரியவர் வண்டிக்கு வந்தது நாலு சிலிண்டர் சேஸி. அதுல இப்ப உட்கார்ந்திருக்கறது இரும்பு பிளாக் வி-8. சேஸி கனமாகிற இடம் மாறிப் போச்சு, ஸ்பிரிங் மாறல. மாறலன்னாகூட மன்னிச்சிடலாம், இருந்ததையும் வெட்டிட்டாங்க!

எப்ப வெட்டறாங்க தெரியுமா? இதைப் பல கராஜ்ல பாத்துட்டேன். இன்ஜின் இல்லை, ரேடியேட்டர் இல்லை, கண்ணாடி, சீட், பேட்டரி, பெட்ரோல் எதுவும் இல்லாத வெறும் கூட்டைச் சேஸி மேல தூக்கி வச்சுட்டு, பத்தடி தள்ளி நின்னு தலையைச் சாய்ச்சுப் பாத்து "உசரமா இருக்கே"ம்பாங்க. இருக்காதா பின்ன? சில நூறு பவுண்டு எடை இன்னும் ஏறலையே. அப்பவே டார்ச்சை எடுத்துடுவாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா ஏத்த ஏத்த வண்டி இறங்கிக்கிட்டே போய் பம்ப் ஸ்டாப் மேல உட்கார்ந்துடும். அதுக்கு மருந்து பம்ப் ஸ்டாப்பை அறுக்கறது. ஜுரம் குறையலன்னு தெர்மாமீட்டரை உடைச்ச கதை.

இன்னொரு கூத்தும் இருக்கு. கீழ்க் கையோட ஏறக்குறைய நடுவுலதான் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கு. அதனால ஸ்பிரிங்ல 1 அங்குலம் குறைஞ்சா சக்கரத்துல கிட்டத்தட்ட 2 அங்குலம் இறங்கும். "கொஞ்சம்தான் வெட்டினேன்"னு சொல்றவங்க கணக்கு எல்லாம் இங்கதான் கோவிந்தா.

வெட்டினா ஸ்பிரிங் மெத்துன்னு ஆகும்னு வேற நினைப்பு. நேர்மாறுங்க. சுத்து குறையக் குறைய ஸ்பிரிங் விறைப்பாகும். வேலை செய்யற சுத்து 8 இருந்து அதுல ஒண்ணை எடுத்தா விறைப்பு ஏழுக்கு எட்டு, அதாவது 14 சதவீதம் ஏறும். விறைப்பு மட்டும் ஏறினா பரவாயில்லை, ஆனா சக்கரம் மேல ஏற இருந்த இடமே போயிடுச்சே. அந்த இடம் தீர்ந்ததும் இரும்பு இரும்பு மேல மோதும். அந்த நொடியில உங்க வண்டிக்கு சஸ்பென்ஷனே கிடையாது, மாட்டு வண்டி மாதிரி. வளைவுல அது நடந்தா அந்த டயர் பிடியை விட்டுடும். டார்ச் சூட்டைப் பத்தி எந்தக் கொல்லரைக் கேட்டாலும் சொல்லுவார், பதம் போட்ட இரும்பை மறுபடி பழுக்கக் காய்ச்சினா பதம் போயிடும். அந்த இடம் தொய்யும், இல்ல ஒரு நாள் முறியும்.

அப்ப வண்டி தானா தாவினது ஏன்? கீழ்க் கையும் ஸ்டீயரிங் டை ராடும் கிட்டத்தட்ட ஒரே கோணத்துல, ஒத்து மேல கீழ ஆடற மாதிரிதான் கம்பெனியில அமைச்சிருக்காங்க, அதுவும் நிக்கற உயரத்துக்குப் பக்கத்துல. நீங்க மூணு நாலு அங்குலம் இறக்கிட்டா ரெண்டும் வேற வேற வில்லுல ஆட ஆரம்பிக்கும். சக்கரம் மேல ஏறும்போதே தானா திரும்பும். இதைத்தான் பம்ப் ஸ்டீர்ங்கறாங்க. தண்டவாளம் வந்ததும் வண்டி தன் இஷ்டத்துக்கு மினிவேனைப் பாக்கப் போனது இதனாலதான்.

"ஆனா பழைய ஐ-பீமை விட இது மேல் இல்லையா?"ன்னு கேப்பீங்க. கேக்கறாங்க. இல்லைங்கறேன். நல்ல நிலைமையில இருக்கற ஐ-பீம், கிங்பின் தேயாம, பட்டை ஸ்பிரிங் ஒழுங்கா இருந்தா, 50 மைல் வேகத்துல என்ன செய்யும்னு ஓட்டறவருக்குத் தெரியும். குலுக்கும், முரண்டு பிடிக்கும், ஆனா ஏமாத்தாது. கெடுத்து வச்ச புது சஸ்பென்ஷன் 70 மைல் வரைக்கும் சாதுவா வந்துட்டு அங்க காலை வாரும். ரெண்டுல எது ஆபத்துன்னு நீங்களே சொல்லுங்க.

"எங்க மாமா இருபது வருஷமா இப்படித்தான் ஓட்டறார்"னு ஒரு கட்சி. மாமா நல்லா இருக்கட்டும். அவர் மாசத்துக்கு ஒரு தடவை கார் ஷோவுக்குப் போய் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டு வர்றார். அந்த வண்டி அவசரமா பிரேக் அடிச்சு ஒரு குழந்தையைத் தவிர்க்க வேண்டிய நிலைமை அவருக்கு இன்னும் வரல, அவ்வளவுதான்.

"செலவு"ன்னு சொல்றவங்க மேலதான் எனக்கு உச்சகட்ட எரிச்சல். தாழ்வா வேணும்னா அதுக்கு நேர் வழி இருக்கு, டிராப் ஸ்பிண்டில். சக்கரம் மாட்டற தண்டை 2 அங்குலம் மேல தள்ளி வார்த்த பாகம். வண்டி இறங்கும், ஆனா கைகளோட கோணம் அப்படியே இருக்கும், ஸ்பிரிங்குக்கு இடமும் இருக்கும். எஸ்-10க்கு இது சுலபமா கிடைக்கற சாமான். பெரியவர் பெயிண்ட்டுக்குக் கொடுத்ததுல பத்துல ஒரு பங்கு கூட ஆகல. பெயிண்ட்டுக்கு இருந்த காசு இதுக்கு மட்டும் எங்க போச்சு?

இதுல அரசாங்கம் பாத்துக்கும்னும் இருக்க முடியாது. 2025 ஜனவரி 1ல இருந்து டெக்ஸஸ்ல சொந்த வண்டிகளுக்கு வருஷாந்திரப் பாதுகாப்புப் பரிசோதனையே கிடையாது. முன்னாடியும் ஸ்பிரிங்கை யாரும் எண்ணிப் பாக்கல, ஆனா ஒருத்தராவது வண்டியைச் சுத்தி ஒரு நடை வந்தாங்க. இப்ப அதுவும் இல்லை. ஜெர்மனியில மாத்தின ஸ்பிரிங்கைக் காமிச்சு, ஒப்புதல் வாங்கி, பேப்பர்ல ஏத்தணும். இங்க டார்ச் வச்சிருக்கறவன் மனசாட்சிதான் இன்ஸ்பெக்டர்.

நாங்க ரெண்டு பேரும் நாலு வாரக்கடைசி உட்கார்ந்தோம். முதல் வேலை எடை. வண்டியில எல்லாம் ஏத்தி, பெட்ரோல் நிரப்பி, பெரியவரையும் சீட்ல உட்கார வச்சு, நாலு சக்கரத்துக்கும் அடியில தனித்தனி எடை மேடை. இதைக் கடைசியா செய்யறதுதான் வழக்கம், இல்ல செய்யறதே இல்லை. அந்த எடைக்கு ஏத்த ஸ்பிரிங்கை வாங்கினோம். டிராப் ஸ்பிண்டில் போட்டோம். முன் ஸ்பேஸரைத் தூக்கிட்டு ஆஃப்செட் சரியான வீல் மாட்டினோம். அப்புறம் பம்ப் ஸ்டீர் சோதனை. பெரிய கருவி எதுவும் வேணாம். ஸ்பிரிங்கை எடுத்துட்டு, சக்கரத்துல நேரான பலகை ஒண்ணைக் கட்டி, ஜாக்கியால கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்தி, பலகையோட முன்முனையும் பின்முனையும் எவ்வளவு விலகுதுன்னு டேப் வச்சு அளக்கணும், அவ்வளவுதான். அரை நாள் வேலை. பின்னாடி ரெண்டு பிளாக்ல ஒண்ணை எடுத்தோம், ஷாஃப்ட் கோணத்தைச் சரி பண்ணினோம், 60 மைல்ல இருந்த அதிர்வும் நின்னுச்சு. முழு பம்ப் ஸ்டாப் மாட்டினோம். கடைசியா அலைன்மெண்ட்.

இப்ப வண்டி முன்ன இருந்ததை விட ஒண்ணரை அங்குலம் உசரம். பெரியவருக்கு அதுல மனத்தாங்கல். போன ஞாயித்துக்கிழமை ஷோவுல ஒரு இளவட்டம் வந்து சுத்திப் பாத்துட்டு "இன்னும் கொஞ்சம் இறக்கலாமே, ஒரு சுத்து வெட்டினா போதும்"னுச்சாம். பெரியவர் என்ன சொன்னார்னு கேட்டேன், சொல்ல மாட்டேங்கறார்.

கடைக்காரருக்கு நான் ஃபோன் பண்ணினேன். "இதுவரைக்கும் யாரும் புகார் சொன்னதில்லை"ன்னார். "டார்ச்சுல ஏன் வெட்டினீங்க"ன்னதுக்கு "அதுதான் சீக்கிரம்"னு பதில். இப்ப அங்க இன்னும் மூணு வண்டி நிக்குதாம்.

பி.கு: பின் ஆக்ஸிலுக்கு இடம் விட சேஸியை அரைவட்டமா வெட்டி சி-நாட்ச் போட்டிருக்காங்க. அந்த வெல்டை நேத்துதான் டார்ச்லைட் அடிச்சுப் பாத்தேன். அது இன்னொரு வயித்தெரிச்சல். சனிக்கிழமை முழுசா கழட்டிப் பாத்துட்டு எழுதறேன்.