விற்பவரிடமே ஆலோசனை கேட்கலாமா?

அமெரிக்காவில் சிறு விமானம் வைத்திருப்போர் எல்லாரும் செல்வந்தர்கள் அல்லர். பழைய ஒற்றை எஞ்சின் விமானத்தைச் சிக்கனமாகப் பராமரிப்போரும் உண்டு. 2020 ஜனவரி 1 முதல், குறிப்பிட்ட வான்வெளிகளில் பறக்க, விமானத்தின் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏடிஎஸ்-பி கருவி அங்குக் கட்டாயம்.

எதை வாங்குவது என்று கேட்டால், பதில் சொல்பவர் பெரும்பாலும் அதை விற்றுப் பொருத்தித் தரும் பட்டறைக்காரர். பெரிய விமான நிலையங்களை நெருங்காமல், கிராமப்புறத்தில் தாழ்வாகப் பறப்பவருக்கு அந்தக் கருவியே தேவைப்படாமல் போகலாம். அதை விற்பவர் எடுத்துச் சொல்வார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

விமான உரிமையாளர், விமானிகள் சங்கமான ஏஓபிஏ தன் உறுப்பினர்களுக்குத் தொலைபேசியில் ஆலோசனை தருகிறது. பொருத்திய கருவி சரியாக இயங்குகிறதா என்ற அறிக்கையை விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ இலவசமாகவே வழங்குகிறது. எங்கெங்கே பறக்கிறோம் என்பதை முதலில் எழுதிவைத்து, விற்காதவரிடம் கேட்ட பிறகே பட்டறைக்குப் போனால் பணம் மிஞ்சும்.