நாடாவின் பின்னே ஓடும் தாளம்

1971-இல் 'தி ஹூ' என்னும் ஆங்கிலேய இசைக்குழு 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' பாட்டை மேடையேற்றியபோது, முன்னரே பதிவுசெய்த சிந்தசைஸர் நாதம் ஒலிநாடாவிலிருந்து ஓடிவர, அடக்கமறியாத வாசிப்புக்குப் பிரசித்தி பெற்ற கீத் மூன், காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அதன் கதிக்குக் கட்டுப்பட்டு டிரம் வாசிக்க வேண்டியதாயிற்று. நாடாவோ யாருக்காகவும் காத்திராது. நிமிஷத்துக்கு 120 தட்டு என்று அது போய்க்கொண்டிருக்க, உற்சாக மிகுதியால் டிரம்காரர் 121-க்குத் தாவிவிட்டாரானால், அரை நிமிஷத்திலேயே அரைத் தட்டு விலகி, தட்டும் எதிர்த்தட்டும் ஒன்றோடொன்று மோதத் தொடங்கிவிடும். 1973-இல் அக்குழுவின் நியூகாசில் கச்சேரியில் நாடா தடுமாறியபோது, அதன் கிதார்க்காரர் பீட் டவுன்ஷெண்ட் ஆத்திரங்கொண்டு நாடாக்களைப் பிய்த்தெறிந்தார். எனக்கு அவர்மீது சற்று அனுதாபந்தான். இன்று டிரம்காரரின் காதிலேயே தாளத்தைக் காட்டும் 'கிளிக்' ஒலிப்பதால் விபத்துகள் குறைந்திருப்பது மெய்யே. ஆயினும், பாட்டு முழுவதையும் ஒரே நீண்ட பதிவாக ஓடவிட்டு மனிதனை அதன் பின்னே ஓடச்செய்வதைவிட, அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, டிரம்காரர் பக்கத்திலுள்ள மின்னணுப் பேடில் ஒரு தட்டுத் தட்டியதும் அடுத்த துண்டு புறப்படுமாறு அமைப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். குழு நடத்துவோர் அடுத்த ஒத்திகையில் இதைப் பரீட்சித்துப் பார்க்கட்டும்.