உம்மாவுக்கு ஒரு கம்ப்யூட்டர்

ஹட்டனில் தனித்திருக்கும் உம்மா, வெளிநாட்டிலுள்ள மகனின் முகம் பார்த்துப் பேச ஒரு கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுக்கப் போகிறீர்களா? தனி கிராபிக்ஸ் கார்ட் வீண்செலவு. அந்த வசதி உள்ளடங்கிய பிராசஸரே போதும். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. தாராளம். மிச்சமாகும் பணத்தில் பெரிய திரை, கேமரா, மைக் வாங்குங்கள்.

யு.பி.எஸ். அவசியம். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். அது சில நிமிடங்களே தாங்கும். ஆனால் கம்ப்யூட்டரை முறையாக அணைக்க அதுவே போதும். மலைநாட்டு ஈரம் ஏறாதிருக்க, பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல் மேசைமேல் வையுங்கள். இடி, மின்னலுக்கு அறிகுறி தெரிந்ததுமே பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள்.

முதல் அழைப்பை உம்மாவே எடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் அமர்ந்திருங்கள்.