அமெரிக்கா போன துண்டு

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து படியிறங்கிக்கொண்டிருந்தேன். தாராவியில் முப்பது ஆண்டுகளாக இட்லி அவித்து விற்று மகனை எஞ்சினியராக்கிய அக்கா ஒருவர் என்னை நிறுத்தினார். மகன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். "தம்பி, நம்ம பிள்ளைங்க அந்த ஊர்க்காரன் வேலையைத் திருடுறாங்கன்னு டி.வி.யில சொல்றானே, என் மகன் யார் வேலையையாவது திருடினானா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் சூடாகப் பதில் சொல்லியிருப்பேன். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "இல்லைக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பிடிக்க ஓடினேன். வண்டியில் நின்றபடி யோசித்தபோது, அது ஒரே சொல்லில் முடிகிற பதில் அல்ல என்று பட்டது. ஆகவே இதை எழுதுகிறேன்.

வேலை திருடர் என்ற பட்டம் பம்பாய்த் தமிழனுக்குப் புதிதல்ல. 1960-களில் 'மார்மிக்' என்ற மராத்தி வார ஏடு, இந்த நகரத்து அலுவலகங்களில் உள்ள தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியல் போட்டு அச்சடித்தது. 1966-இல் சிவசேனை பிறந்தது. லுங்கிக்காரனை விரட்டு என்ற முழக்கம் தெருவுக்கு வந்தது. என் தகப்பனார் அப்போது திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த புதிது. வேட்டியோடு மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்க அஞ்சி, கடன் வாங்கிக் கால்சட்டை தைத்துக்கொண்டதாகச் சொல்வார். பிறகு 2008 அக்டோபரில் ரயில்வே தேர்வெழுத வந்த வடநாட்டுப் பிள்ளைகளை இதே ஊரில் அடித்து விரட்டினார்கள். அன்று நம்மவர் சிலர் "இந்தத் தடவை நாம் இல்லை" என்று நிம்மதியடைந்ததையும் நான் மறக்கவில்லை.

இப்படி அடிபட்ட இனம் என்பதால், அமெரிக்கத் தொழிலாளி வாய் திறந்தாலே 'நிறவெறி' என்று சொல்லி அடைத்துவிட நமக்குக் கை துடிக்கிறது. நிறவெறி அங்கே இல்லாமலில்லை. ஆனால் ஒரு தொழிற்சங்கக்காரன் எதிராளி சொல்வதை முழுதும் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். கேட்போம்.

2014 அக்டோபரில் ஃபுளோரிடா மாநிலம் ஆர்லாண்டோவில் டிஸ்னி நிறுவனம் கம்ப்யூட்டர்ப் பிரிவு ஊழியர் ஏறத்தாழ 250 பேருக்கு வேலை போகிறது என்று அறிவித்தது. வேலை மூடப்படவில்லை, ஆள்தான் மாறினார்கள். இந்திய ஒப்பந்த நிறுவனங்கள் மூலம், பெரும்பாலும் எச்-1பி என்ற தற்காலிக விசாவில், நம் பிள்ளைகள் அந்த நாற்காலிகளுக்கு வந்தார்கள். போகிறவர்கள் போகுமுன் வருகிறவர்களுக்கு வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. அவர்களில் ஒருவர் 2016 பிப்ரவரியில் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சி சொல்லும்போது பேச முடியாமல் அழுதார். இருவர் போட்ட வழக்கு அதே ஆண்டு அக்டோபரில் தள்ளுபடியானது. கலிபோர்னியாவில் ஒரு மின்சாரக் கம்பெனியிலும் இதே காலத்தில் இதே கதை நடந்தது.

நம் லோகோ ஷெட்டில் இருபத்தைந்து ஆண்டு வேலை பார்த்தவரை, "நாளைக்குக் காண்டிராக்ட் ஆள் வருகிறான், அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போ" என்றால் நாம் என்ன செய்வோம்? வேலை நிறுத்தம் செய்வோம். அந்த வெள்ளைக்காரத் தொழிலாளியின் கண்ணீர் எனக்கு அந்நியமாகப் படவில்லை.

இது சட்டவிரோதமாக நடந்தது என்றா நினைக்கிறீர்கள்? சட்டத்தைப் படித்தால்தான் வேடிக்கை தெரியும். 1990-இல் வந்த எச்-1பி சட்டத்தில் ஆண்டுக்கு 65,000 பேர். அந்நாட்டிலேயே முதுகலை படித்தவர்களுக்கு மேலும் 20,000. ஏற்கப்படும் எச்-1பி மனுக்களில், நீட்டிப்புகளையும் சேர்த்து, பத்துக்கு ஏழு நம் நாட்டவருக்கே போகிறது. உள்ளூர் ஆளைத் தேடிக் கிடைக்காவிட்டால்தான் வெளியாளை எடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு பொது விதி அதில் கிடையாது. விசா ஆட்களை மிகுதியாக வைத்திருக்கும் கம்பெனிக்கு மட்டும் 1998-இல் அந்த நிபந்தனையைப் போட்டார்கள். கூடவே ஒரு கதவையும் திறந்து வைத்தார்கள்: அந்த ஆளுக்கு ஆண்டுக்கு 60,000 டாலர் கொடுத்தால் நிபந்தனை இல்லை. கால் நூற்றாண்டு கடந்தும் அந்தத் தொகையை யாரும் தொடவில்லை. அங்கே அத்தொழிலில் இன்று அது பெரிய சம்பளமே அல்ல. ஊர்ச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்ற விதியிலும் நான்கு படிகள் வைத்து, கீழ்ப்படி இரண்டை நடுமட்டச் சம்பளத்துக்குக் கீழேயே நெடுங்காலம் வைத்திருந்தார்கள். பொருளியல் அறிஞர் மூவர் 1990-களைக் கணக்கிட்டு எழுதினார்கள்: வெளியாட்கள் அவ்வளவு வராதிருந்தால், 2001-இல் அந்நாட்டுக் கம்ப்யூட்டர் ஊழியர் சம்பளம் 2.6 முதல் 5.1 சதவிகிதம் வரை கூடியிருக்கும். அதே கணக்கில் கம்பெனிகளின் லாபம் ஏறியது, சாதாரண மக்கள் வாங்கும் பொருளும் மலிந்தது. எல்லாருக்கும் நஷ்டமில்லை, பாரம் ஒரு தோளில் இறங்கியது.

அப்படியானால் அக்காவின் மகன் திருடனா?

இங்கேதான் நம் பாட்டன் காலத்துச் சொல் ஒன்று எனக்கு உதவுகிறது. நம் ஜில்லாக்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி ஆள் கட்டிக்கொண்டு போன காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால், இவன் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டு வேண்டும். புதுத் தோட்டம் கடனைக் கட்டும். கடன் அவன் தலையில் அப்படியே தொடரும். சங்கிலி கிடையாது, பூட்டு கிடையாது, ஒரு துண்டுக் காகிதம் போதும். 1921-இல் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

எச்-1பியும் ஒரு துண்டுதான். தேயிலைக் கூலியோடு டாலர் சம்பளக்காரனை ஒப்பிடலாமா என்று சிலர் சிரிப்பார்கள். சம்பளத்தை நான் ஒப்பிடவில்லை, சீட்டு யார் கையில் இருக்கிறது என்பதை ஒப்பிடுகிறேன். விசாவுக்கு மனுப் போடுவது முதலாளி. வேறு கம்பெனிக்கு மாறலாம், ஆனால் அந்தப் புது முதலாளி மனுப் போட வேண்டும். வேலை போனால் 60 நாள். அதற்குள் இன்னொரு முதலாளியோ வேறு விசாவோ கிடைக்காவிட்டால் பிள்ளை குட்டியோடு பெட்டி கட்ட வேண்டும். நிரந்தரமாகத் தங்க கிரீன் கார்டு கேட்டால், எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவிகிதத்துக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பு. ஆகவே இந்தியர் வரிசை பல பத்தாண்டுகளுக்கு நீள்கிறது.

அக்காவின் மகனைக் கூப்பிட்டுப் பேசினேன். அவன் ஒரு ஒப்பந்தக் கம்பெனி மூலம் போனவன். பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குகிறார்கள், உள்ளூர்க்காரன் எட்டு மணிக்கு எழுந்து போய்விடுகிறான். ஏன் கேட்கவில்லை என்றேன். "மாமா, கேட்டா யார் எனக்கு அடுத்த மனுப் போடுவா?" என்றான். நடுவில் விலகினால் இவ்வளவு ஆயிரம் டாலர் கட்ட வேண்டும் என்று அவன் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. (கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. பையன் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.)

முணுமுணுக்காமல் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கும் இவன் பக்கத்தில் நிற்கும்போது, எட்டு மணி நேரம் கேட்கும் உள்ளூர்க்காரன் முதலாளி கண்ணுக்கு வேண்டாதவனாகிறான். நம் பையனின் வாயைக் கட்டிய அதே கயிறுதான் அவன் வேலையைப் பறிக்கிறது. நம் பிள்ளைகளின் அறிவுக்கும் உழைப்புக்கும் உரிய பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் கெட்டிக்காரத்தனத்துக்காக மட்டுமே எடுத்தார்கள் என்றால், அந்தக் கெட்டிக்காரனுக்கு இஷ்டம்போல் வேலை மாறும் உரிமையைக் கொடுக்க ஏன் தயங்குகிறார்கள்?

ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் கம்பெனிகளின் பழைய பல்லவி. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 10,000, கூகுள் 12,000. அதில் உள்ளூர்க்காரரும் உண்டு, 60 நாள் கெடுவை எண்ணிக்கொண்டிருந்த நம் பிள்ளைகளும் உண்டு.

பிறகு 2025 செப்டம்பர் 19 அன்று அதிபர் டிரம்ப் ஓர் ஆணை போட்டார். வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் எச்-1பி ஆளுக்கு முதலாளி ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 88 லட்சம் ரூபாய். பழைய விசாக்காரருக்கு இது இல்லை என்று மறுநாள்தான் விளக்கம் வந்தது. அதற்குள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் பாதியில் விமானம் ஏற ஓடினார்கள். இது அமெரிக்கத் தொழிலாளிக்கு நன்மை என்று சொல்கிறார்கள். ஆள் வருவது குறையலாம். ஆனால் வருகிறவன் கதி என்ன? ஒரு லட்சம் டாலர் கொட்டி எடுத்த ஆளை முதலாளி எப்படி நடத்துவான் என்று, கங்காணிக்குக் கடன்பட்ட குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துண்டின் விலைதான் ஏறியது.

என்னைக் கேட்டால், விசாவைத் தொழிலாளியின் பெயரிலேயே கொடுக்க வேண்டும். வேலையை விட்டாலும் அது செல்ல வேண்டும், சங்கத்தில் சேர்ந்தாலும் செல்ல வேண்டும். சம்பளம் உள்ளூர் நடுமட்டத்துக்கு ஒரு காசு குறையக் கூடாது. அப்போதும் முதலாளி நம் பையனை எடுத்தால் அது அவன் திறமைக்காக. அப்போது யாரும் அவனைத் திருடன் என்று சொல்ல வாயெடுக்க முடியாது. இதைக் கேட்க வேண்டிய நம் அரசு, எத்தனை பேரை அனுப்பலாம் என்பதையே பேசுகிறது. அனுப்பப்படுகிறவனுக்கு என்ன உரிமை என்று பேசக் காணோம். அமெரிக்கத் தொழிற்சங்கங்களும் நம் பிள்ளைகளை உறுப்பினராகச் சேர்க்க இன்னும் முனைய வேண்டும்.

விசாவை அடைத்தால் வேலை சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்துவிடும், நமக்கு லாபம்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். வரலாம். ஆனால் 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியரில் இரண்டு சதவிகிதம், பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை நீக்குவதாக அறிவித்தது, அதன் தலைமையகம் இதே பம்பாயில்தான். கம்ப்யூட்டர்க் கம்பெனி ஊழியரும் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அதன்பிறகும் சங்கம் என்றால் ஒதுங்குகிற பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

வெளிநாட்டு வேலைக்குக் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் காகிதத்தை முன்னதாகச் சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் நான் இருப்பேன், சட்டம் படித்த தோழர் ஒருவரும் இருப்பார். அக்காவின் மகனுடைய ஒப்பந்த நகல், பெயர்களை மறைத்து, அலமாரியில் இருக்கிறது. ஏழாம் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.